அல்சூரில் ஒரு நாள், வெளியூர்க்காரியாக

தம்பி,

பெங்களூர் அல்சூர் வீட்டு விற்பனைப் பத்திரத்தில் போன சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். சித்தப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள், அதனால் பணக்கணக்கை இங்கே எடுக்கவில்லை. வக்கீல் மூலம் நீ அனுப்பிய பவர் பத்திரத்தோடு ஒரு வரிகூட இல்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை. யாராவது இதை உனக்கு அனுப்பி வைப்பார்கள் என்று எழுதுகிறேன்.

மறுநாள் காலை, பழைய இடங்களை நடத்திக் காட்டுகிற ஒரு குழுவில் பணம் கட்டிச் சேர்ந்தேன். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேர் நின்றோம். ஒவ்வொருவராக எந்த ஊர் என்று சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்ததும் ‘சென்னை’ என்று வாய் சொல்லிவிட்டது. ஐம்பது வருஷம் இருந்த ஊரில் நின்றுகொண்டு.

சரி, வெளியூர்க்காரியாகவே சுற்றினேன். சோமேஸ்வரர் கோயிலில் கைலாயத்தைத் தூக்குகிற ராவணனையும், சுவரில் இருக்கிற நாயன்மார்களையும் காட்டினார்கள். நாயன்மார்கள், தம்பி! அவர்கள் பக்கத்தில்தான் நீயும் நானும் சுண்டலுக்கு வரிசையில் நின்றிருக்கிறோம், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பலாத்தோப்பு இருந்ததால் ஹலசூரு, வெள்ளைக்காரர்கள் வாயில் அது அல்சூர் ஆனது என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். 1809இல் கன்டோன்மென்ட் வந்தது, பட்டாளத்தோடு வியாபாரிகளும் வேலையாட்களுமாகத் தமிழர்கள் வந்தார்கள் என்று இரண்டு வரியில் நம் கதையை முடித்துவிட்டான். ஆற்காட்டிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா அந்த இரண்டு வரிக்குள் எங்கேயோ இருக்கிறார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, நல்ல பையன். ஆனாலும் நடுவில் குறுக்கிட்டு ‘அப்படி இல்லப்பா’ என்று சொல்லத் தொண்டைவரை வந்தது.

அப்புறம் பஜார் தெருவைத் தாண்டி அந்த முனை வந்தது.

1991 டிசம்பர். எனக்கு 16, உனக்கு 9. காவிரி இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்த மறுநாள். உன்னை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வேகவேகமாக வருகிறேன், எதிரே கூட்டம், எங்கேயோ டயர் எரிகிற வாடை, அந்த நேரம் பார்த்து ‘அக்கா, செருப்பு அறுந்துபோச்சு’ என்று நீ தமிழில் சத்தமாகச் சொன்னாய். உன் வாயைப் பொத்தினேன். எவ்வளவு அழுத்தினேன் என்று வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உன் உதடு கிழிந்து ரத்தம். ஒற்றைச் செருப்போடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்று ராத்திரி நம்மைத் தன் வீட்டுக்குள் வைத்து, வாசலில் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு அஜ்ஜிதான், அவர் பேசியது கன்னடம்தான்.

அம்மாவின் பதினாறாம் நாளில் எல்லார் முன்னாலும் ‘என் வாயை அன்னைக்கே மூடினவள் நீ’ என்றாய். அன்று பதில் சொல்ல வரவில்லை. மன்னித்துக்கொள். உதட்டைக் கிழித்ததற்கு, செருப்பை எடுக்க விடாததற்கு. ஆனால் வாயைப் பொத்தியதற்கு மன்னிப்புக் கேட்க முடியவில்லை, தம்பி, அதே முனை, அதே கூட்டம் மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன். வேறு என்ன தெரியும் எனக்கு அந்த வயதில்?

நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் அங்கேயே இருந்துவிட்டாய். இந்த ஊரே வேண்டாம் என்று சொல்ல உனக்கு ஓர் இடம் இருந்தது. அம்மாவின் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோ பிடித்தவள் நான். வீட்டை விற்றுத் தின்றுவிட்டாள் என்று உன் பக்கத்தில் பேசுவது என் காதுக்கும் வருகிறது. அதில் ஒரு பேச்சாவது நீ தடுத்தாயா?

குழு கலைந்த பிறகு தனியாக ஏரிக்கரைக்கு நடந்தேன். திருவள்ளுவர் சிலையை 1991இல் வைத்து, திறக்காமலே சுற்றிக் கட்டிப் போட்டிருந்தார்களே, ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் ‘உள்ளே தாத்தாவுக்கு மூச்சு முட்டாதா’ என்று அப்பாவை நச்சரிப்பாய். 18 வருஷம் அப்படியே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தபோது நீ இங்கே இல்லை. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையும் திறந்தார்கள். அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு ‘சின்னவன் பாக்கலையே’ என்றாள். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன், சொல்லவில்லை.

சிலையின் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். சாவியை மாதக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அங்கேதான் படுக்கிறேன், தாழ்ப்பாள் போடாமல்.

அக்கா