பிடித்த படிப்பா, ஒத்துவரும் படிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பு உபயோகமாக இருந்தது. "பெண்கள் இயல்பாகவே ஆசிரியர், வங்கிப் பணிகளில் ஆர்வம் காட்டுகிறார்கள்" என்ற வரியோடுதான் எனக்கு வழக்கு.

கோபி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையிலேயே வளர்ந்த மாணவி ஒருத்தி. எரிந்த காயிலை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றி வார்னிஷ் விடும்வரை அவள் கை தானாக ஓடும். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிக்கா பஞ்சம்? பொறியியலில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுவியல்) எடுப்பாள் என்றிருந்தேன். பி.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். என்கிறாள். ஏன் என்றால், "ஷிப்டு வேலைன்னா நாளைக்குக் கட்டிக் குடுக்கற ஊட்ல ஒத்துக்கோணுமில்லீங் டீச்சர்?" மாப்பிள்ளை யாரென்றே தெரியாது, அவர் வீட்டுச் சமையல் நேரத்துக்கு இப்போதே படிப்பு முடிவாகிவிட்டது. அதே பட்டறையில் வளரும் தம்பியிடம் இதை யாரும் கேட்கவில்லை. நாளை அவள் படிவத்தில் 'ஆசிரியர்' என்று டிக் அடிப்பாள். நாம் அதை ஆர்வம் என்று எழுதிக்கொள்வோம்.

தறியும் தோட்டமும் பனியன் கம்பெனியும் பெண்கள் இல்லாமல் இங்கே என்றைக்கு ஓடின? ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வந்து அடுப்பைப் பற்றவைக்கும் அம்மாவைப் பார்த்த பிள்ளை கணக்குப் போடாமல் என்ன செய்யும்?

கணக்கும் தப்பில்லை. தமிழ்நாடு அரசுப் பணியில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாரில் சட்டப்படி 26 வாரம். 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 சட்டத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. நான் எட்டிப் பார்த்த ஒரு கம்பெனியில் அந்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். முதல் குழந்தை பிறந்தபின் ஆண், பெண் சம்பளம் எப்படி விலகிப்போகிறது என்று ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் அதைத் திண்ணையிலேயே படித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு இணைப்பில் கட் ஆஃபோடு, வேலை தரும் இடங்களில் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, காப்பகம் நிஜமாகவே இயங்குகிறதா, கம்பெனி பஸ் ஊர்வரை வருமா என்பதையும் விசாரித்துப் போடுங்கள். பெண்கள் பக்கம் என்று தனியாக ஒதுக்காமல், பையன்களும் படிக்கிற பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.