பள்ளி நூலகம் பற்றி அப்பாவுக்கு

எட்மன்டன்,
கனடா.

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நூலகத்தின் கூரை ஒழுகுவதையும், அதைச் சரிசெய்ய என் கம்பெனியில் கேட்டுப் பார்க்கும்படி முன்னாள் மாணவர் சங்கத்தார் தங்களிடம் சொன்னதையும் படித்தேன். யோசனை கணக்கு வாத்தியாருடையதாகத்தான் இருக்கும். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்கக் கூடிய காரியமாக இது இல்லாததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டவும் உதவும்.

இங்கே ஓர் ஊழியர் ஓர் அறநிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்தால், அதே அளவு தொகையை எங்கள் நிறுவனமும் சேர்த்துக் கொடுக்கிறது. இந்த வழக்கத்தை 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் அறக்கட்டளை தொடங்கியபோது, ஊழியர்கள் தாங்கள் படித்த கல்லூரிக்குக் கொடுப்பதற்குத்தான் அப்படி ஈடான தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்களாம். ஆகவே நம் சங்கத்தார் கேட்பது ஒன்றும் விந்தையான கோரிக்கை அல்ல. ஆனால் எங்கள் நிறுவனத்தின் விதிப்படி, கனடிய வருவாய்த் துறையில் பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கு மட்டுமே இப்படிச் சேர்த்துக் கொடுப்பார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் செய்துகொள்ளவும் ஒரு படிவம் தருகிறார்கள். கட்டாயம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். இருந்தாலும் எந்தப் பிரிவில் எத்தனை சதவீதம் பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நானும் சிறிய தொகைக்குக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

பணத்தைத் தவிர, சம்பளத்தோடு சில மணி நேரம் தொண்டு செய்யவும் அனுப்புகிறார்கள். எங்கள் குழு போவது, இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாக வழங்கும் இந்நகரின் உணவு வங்கிக்கு. 1981-இல் தொடங்கிய இதுவே கனடாவின் முதல் உணவு வங்கி. மக்கள் கொடுத்த பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பார்த்து, மூட்டு நசுங்கிய டின்களை ஒதுக்கி, மற்றவற்றை வகை பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், அங்கே வாரந்தோறும் வேலை செய்கிறார். மைனஸ் 30 டிகிரிக் குளிரிலும் விடியுமுன் எழுந்து, யாரும் கேட்காமலேயே தெரு முழுவதற்கும் பனியை வாரிவிட்டு, நன்றி சொல்ல வருகிறவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மனிதர். எங்களைப் போன்ற கம்பெனிக் கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டிசம்பரில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரும் வந்துவிடுவதால் அவர்களுக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுப்பதே தனி வேலையாகிவிடுகிறது என்றும், பிப்ரவரியில் வந்தால் புண்ணியமாகப் போகும் என்றும் சொல்வார். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் உணவு வங்கியின் இருப்புக் கணக்கை ஒழுங்கு செய்து கொடுத்ததை மட்டும் அவர் இன்றும் பாராட்டுகிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

சனிக்கிழமைகளில் நான் தனியாகவும் அங்கே போய்வருகிறேன். பேசிக்கொண்டே வேலை செய்யலாம். போன மாதம் பொட்டலங்களுக்கு நடுவே துவரம்பருப்பு ஒன்று வந்தது. எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாதவனைப் போல அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டேன். முற்றத்தில் அம்மா முறத்தில் பருப்பைப் புடைக்கும் ஓசை காதருகே கேட்டது போலிருந்தது. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கூரைக்கு வருகிறேன். ஒருவேளை கம்பெனி மனம் வைத்தாலும், அப்பணம் நம் நாட்டில் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படும். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி சங்கம் உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்று, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும். அப்பதிவுக்கு, மூன்று ஆண்டுகளில் 15 லட்ச ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவிட்ட சங்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் சங்கத்தின் வரவு செலவைத் தாங்கள் அறிவீர்கள்.

அதைவிட, ஊருக்கு வெளியே உள்ள ஆலையைக் கேட்பதே நல்லது. கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. கல்வியும் அப்பட்டியலில் உண்டு. நம்முடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பதால், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகத் தலைமையாசிரியர் கோரிக்கை வைக்கட்டும். மார்ச் மாதத்தில் நிதியாண்டு முடிவதற்குள் ஆலையின் மனிதவள அதிகாரியைப் பார்ப்பது உத்தமம்.

என் கடவுச்சீட்டு இன்னும் இந்தியாவுடையதுதான்; ஆகவே என் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நான் அனுப்புவதற்கு மேற்சொன்ன தடை எதுவும் கிடையாது. என் பங்கை மே மாதத்துக்கு மேல் அனுப்புகிறேன். ஏப்ரல் வரை இங்கே வரிக் கணக்கு முடிக்கும் காலம், வேறொன்றும் இல்லை. வீட்டின் கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டேன். குளிர்காலத்தில் அது கதகதப்பாக இருக்கும் என்றார்கள்.

தங்கைக்கு வந்த வரனைப் பற்றி அத்தை எழுதியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தை பிறந்ததும் நிச்சயம் செய்ய அவசரப்படுவது ஏன் என்று பெரியப்பாவைக் கொண்டு விசாரியுங்கள். மேலக்காட்டுப் பட்டா பெயர் மாற்றம் முடியாமல் யாருக்கும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். தங்கள் கண் அறுவைச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் பணத்தைக் கூரைக்கென்று எடுத்துக் கொடுத்துவிடுவீர்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதை அம்மாவின் கணக்கிலேயே போட்டு வைக்கவும். சிகிச்சைத் தேதியைத் தம்பி எனக்குத் தொலைபேசியில் சொல்லட்டும்.

தங்கள் அன்பு மகன்