பொருள்: ஒரு டயோடு ஷார்ட் ஆன கால்வானிக் ஐசோலேட்டரை மாற்றித் தரக் கோருதல்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
சென்னை.

ஐயா,

இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே வரிதான் பதில்.

கொச்சிக் காயலில் நிற்கும் என் படகில், கரையிலிருந்து மின்சாரம் வரும் ஷோர் பவர் கேபிளின் எர்த் வயரில், பக்கத்துப் படகுகளோடு ஓடும் சிறு டிசி கரண்ட்டைத் தடுத்து உலோகம் அரிக்காமல் காக்க, உங்கள் 16 ஆம்பியர் ஐசோலேட்டர் இருக்கிறது. ஷோர் கேபிளைப் பிடுங்கி, ஐசோலேட்டரில் ஒரு முனையின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு முனை படகுப் பக்கம்: 0.88 வோல்ட். சிவப்பு முனை கரைப் பக்கம்: 0.44. திசைக்கு இரண்டு டயோடு என்பதால் இரண்டும் 0.9-ஐ ஒட்டி வர வேண்டும், ஒரு டயோடு ஷார்ட் ஆனால்தான் பாதியாகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படகின் மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரையவென்று பூட்டிய என் அலுமினிய ஆனோடுக்கும் பக்கத்துப் படகின் வெண்கல புரொப்பல்லருக்கும் சுமார் 0.8 வோல்ட் வித்தியாசம். 0.44 எதைத் தடுக்கும்? முனைகளை மாற்றிப் பூட்டினால் 0.88 இந்தத் திசைக்கு வரும், பழுது கொஞ்சம் மறையும். பழுதை ஒளித்து வைக்கவா காசு கொடுத்தேன்?

எர்த்தில் 200 மில்லி ஆம்பியர் டிசி ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 288 ஆம்பியர்-மணி, அதாவது 115 கிராம் அலுமினியம் தண்ணீரோடு போயிற்று. என் புரொப்பல்லர் ஓரமும் அரித்துச் செம்பு நிறமாகிவிட்டது. மூன்று லட்சம் நஷ்டம்!

உங்கள் கஸ்டமர் கேர் ஆள் சொன்னது: “ஜிங்க்னா கரையத்தான் சார் செய்யும். அவ்வளவு கவலைன்னா எர்த் வயரையே கழட்டி விட்ருங்க.” என் படகில் இருப்பது ஜிங்க் ஆனோடே இல்லை, அலுமினியம். எர்த் இல்லாத படகில் லீக் ஆனால் கரண்ட் தண்ணீரில் இறங்கும், அருகே நீந்துகிறவர் செத்தே போகலாம். இதைச் சொன்னவரை இன்னுமா போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

ஐசோலேட்டரை நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். எர்ணாகுளத்திலிருந்து ராத்திரி ரயிலேறி வந்தேன். இன்ஜினியர் லீவாம், செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பத்து நாளில் கூரியரில் வந்தது. மேலே ‘பரிசோதித்தோம், நன்றாக உள்ளது’ என்ற சீட்டு. நான் ஒட்டிய பிரவுன் டேப் பிரிக்கப்படவே இல்லை.

தயவுசெய்து புது ஐசோலேட்டர் ஒன்றை, இரு திசை டயோடு அளவும் எழுதிய சீட்டோடு, 15 நாளுக்குள் அனுப்புங்கள். ஆனோடு விலையும் ரயில் கட்டணமும் சேர்த்துத் தர வேண்டும். தவறினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்தில் வழக்கு. பிரிக்காத அந்த டேப்பின் படம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
படகு உரிமையாளர்