வளையை அடைக்கும் நண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டாவது படிக்கும் என் பேத்தி போன வாரம் தமிழ்ப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ பாட்டின் மையக்கருத்து என்ன என்று கேள்வி. ‘சுதந்திரம் கிடைத்த மகிழ்ச்சி’ என்று ஒரே வரி எழுதி, இரண்டுக்கு இரண்டு வாங்கியிருந்தாள். சரி, பாரதி 1921லேயே காலமாகிவிட்டாரே, 1947ல் கிடைத்ததற்கு அவர் எப்படி ஆடிப் பாடினார் என்று கேட்டேன். “அது சிலபஸ்ல இல்ல தாத்தா” என்று போய்விட்டாள்.

அதற்கான விடை பாட்டின் தலைப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ‘சுதந்திரப் பள்ளு’ என்று பெயர் வைத்து, ‘பள்ளர் களியாட்டம்’ என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறார். பள்ளு உழவர் பாட்டு. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த முக்கூடற்பள்ளு என்ற பழைய நூலில் (பீடிக்குப் பேர்போன முக்கூடல் இல்லை, சீவலப்பேரிப் பக்கம் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் இடம்) ஒரு மழைப் பாட்டு உண்டு. ‘ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி’ என்று தொடங்கும். மேற்கே மலையாள மின்னல், கிழக்கே ஈழ மின்னல். மரக்கொம்பைச் சுற்றிச் சுற்றிக் காற்று அடிக்கிறது. கேணியில் சொறித்தவளை கத்துகிறது. சேற்று நண்டு தண்ணீர் புகாமல் தன் வளையைச் சேற்றால் அடைக்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் ‘ஆடிப் பாடித் துள்ளிக் கொள்வோமே’ என்கிறார்கள். இத்தனைக்கும் அங்கே இன்னும் ஒரு சொட்டு மழை விழவில்லை! வெள்ளம் நாளைக்குத்தான். நண்டு அடைக்கிற வளையைப் பார்த்தே இன்றைக்குத் துள்ளுகிறார்கள்.

பாரதி எடுத்துக்கொண்டது இந்தத் துள்ளலைத்தான். பள்ளன் ‘நாளை வரும்’ என்றான். இவர் ஒருபடி மேலே போய் ‘அடைந்துவிட்டோம்’ என்றே முடித்துவிட்டார். தொனியையும் கவனியுங்கள். ‘காலமும் போச்சே’, ‘காலம் வந்ததே’ என்று ஏகாரத்தில் இழுக்கும்போது வரப்பில் நின்று கூவுவது போலிருக்கிறது. அப்புறம் ‘மாய மாட்டோம்’, ‘ஓய மாட்டோம்’ என்று வரும்போது குரல் இறுகிவிடுகிறது. ‘விழலுக்கு நீர் பாய்ச்சி’ என்பதை நாம் பழமொழி போலச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மடை திறந்துவிட்டு, தண்ணீர் பயிருக்குப் போகிறதா களைக்குப் போகிறதா என்று பார்த்து நிற்பவன் வாயில் அது நிஜமான ஆத்திரம். பழைய பள்ளில் அவனைத் தொழுவில் (காலைப் பூட்டி வைக்கும் மரக்கட்டை) மாட்டித் தண்டிக்கும் பண்ணைக்காரனும் உண்டு என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் உறைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘களி’ என்ற சொல். பாட்டுக்குப் பேர் களியாட்டம். உள்ளேயோ ‘வீணில் உண்டு களித்திருப்போரை நிந்தனை செய்வோம்’ என்று திட்டு விழுகிறது. ஒரே பாட்டில் ஒரு களிப்பைக் கொண்டாடி இன்னொன்றை ஏசுகிறார். இதைப் பிள்ளைகளிடம் கேட்டால் நன்றாகவே பதில் சொல்வார்கள். என் பேத்தியிடம் கேட்டேன். “வேலை செஞ்சவங்க ஆடலாம், சும்மா சாப்பிட்டவங்க ஆடக்கூடாதுங்கிறார்” என்றாள். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவார்களோ!

எங்கள் தெருப் பள்ளிக் கொடியேற்றத்தில் வருடாவருடம் பல்லவியும் ஒரு சரணமும் பாடிவிட்டு மிட்டாய் கொடுத்துவிடுகிறார்கள். வருகிற ஆகஸ்ட் 15 சிறப்பு மலரில் தாங்களாவது இந்தப் பாட்டை எல்லாச் சரணங்களோடும், அந்த அடைப்புக்குறித் தலைப்பையும் விடாமல் வெளியிட வேண்டுகிறேன். பக்கத்தில் இடம் இருந்தால் அந்த நண்டுப் பாட்டையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை