பழைய பிளாட்பார்ம் கேம் தொகுப்பு: வேகக் கோளாறு, சேவ் ஆகாமை குறித்த புகார்

அனுப்புநர்:
தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்கள்,
நிறுவிக் கொடுத்த கணினிக் கடையினர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தொகுப்பை வெளியிட்ட நிறுவனம்.

பொருள்: கணினிப் பதிப்பில் கேம்கள் தவறான வேகத்தில் ஓடுவது, தமிழ்ப் பயனர் பெயரில் சேவ் ஆகாதது, விசைகளை மாற்ற முடியாதது – திருத்தம் அல்லது பணம் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளிப் பகுதிகளில் உங்கள் தொகுப்பை வாங்கியவர்களின் கணினிகளில் ஒரே மாதிரியான கோளாறுகள் வருகின்றன. கணினிக்குக் கணினி மாறாமல் வருவதால் இது எங்கள் கருவிகளின் குறை இல்லை, உங்கள் நிரலின் குறை. எதை எப்படிச் சோதித்தோம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறோம். உங்கள் பொறியாளர்கள் அதையே செய்து பார்க்கலாம்.

முதலாவதும் முக்கியமானதும் வேகம். பலகைக்குப் பலகை தாவி ஓடும் இந்தப் பிளாட்பார்ம் கேம்களில் குதிப்பு, ஓட்டம், நகரும் பலகை, எதிரியின் நடை எல்லாமே ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) கணக்கில் கட்டப்பட்டவை. ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பித்ததால், கேமும் நொடிக்கு 60 அடி எடுத்து வைக்கும்படி, அதாவது படத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சிறிது நகர்த்தும்படி, எழுதப்பட்டது. உங்கள் தொகுப்போ, மானிட்டர் எத்தனை முறை புதுப்பிக்கிறதோ அத்தனை அடி எடுத்து வைக்கிறது. 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும், மானிட்டரில் இது தெரியாது. இப்போது குறைந்த விலையில் கிடைக்கும் மானிட்டர்களே 75, 100 ஹெர்ட்ஸில் வருகின்றன. அங்கேதான் குட்டு உடைகிறது.

30 ஃபிரேம் நீடிக்கும் ஒரு குதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் அது அரை நொடி. 75-ல் 0.4 நொடி, 100-ல் 0.3 நொடி, 144-ல் 0.21 நொடி. குதிக்கும் தூரம் மாறுவதில்லை. ஆனால் விளிம்பு எங்கே என்று கண் பார்த்து, பட்டனிலிருந்து விரலை எடுக்கும் அவகாசம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பள்ளத்தின் மேல் நகரும் பலகை வரும் கட்டங்களைக் கைதேர்ந்தவராலும் தாண்ட முடியவில்லை.

சோதிக்கும் முறை: திரையின் மேலே உண்மையான நொடியை எண்ணும் கடிகாரம் உள்ள கேம் ஒன்றைத் திறந்து, கைபேசி ஸ்டாப்வாட்ச்சைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். கேமில் 100 நொடி ஆகும்போது 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 80 நொடிதான் ஆகியிருக்கும். 100 ஹெர்ட்ஸில் 60 நொடி. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 60-க்கு இறக்கிவிட்டுத் திறந்தால் இரண்டும் ஒத்துப்போகும். வாடிக்கையாளர்களுக்கு இப்போதைக்கு இதைத்தான் செய்து கொடுக்கிறோம். ஒரு கேமுக்காக ஒவ்வொரு முறையும் மானிட்டர் அமைப்பை மாற்றச் சொல்வது சரியான தீர்வு ஆகாது.

தொகுப்பிலுள்ள சில கேம்களில் இதற்கு நேர்மாறான குறை. அவை ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள். அரை நொடிக் குதிப்பு 0.6 நொடியாக இழுபடுகிறது, இசையும் தொய்கிறது. போதாததற்கு, 50 ஃபிரேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்ட ஐந்து படத்துக்கு ஒன்று இரட்டிப்பாவதால், பின்னணி நொடிக்குப் பத்து முறை திக்கித் திக்கி நகர்கிறது. இந்தியா பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் டிவி) முறை நாடு என்பதால் அந்தப் பதிப்பு தரப்பட்டது என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியிருக்கிறது. பால் முறை பழைய டிவி ஒளிபரப்புக்கானது. கணினித் திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 60 ஹெர்ட்ஸ் பதிப்பைத் தாருங்கள், இரண்டையும் தந்து தேர்ந்தெடுக்க விட்டாலும் சரி.

திருத்தம் கடினமானதும் இல்லை. கேமின் அடியை மானிட்டரிலிருந்து பிரித்து, கணினிக் கடிகாரத்தோடு கட்ட வேண்டும். நேரம் சேர்ந்ததும் ஓர் அடி. சேராவிட்டால் முந்தைய படத்தையே மீண்டும் காட்டினால் போதும். 75 ஹெர்ட்ஸில் சிறு நடுக்கம் மிஞ்சும், அது பரவாயில்லை. வேகம் பிசகினால் கேமே கெட்டுப்போகிறது.

அடுத்தது சேவ். விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களின் கணினியில் கேம் ஓடுகிறது, 'சேவ் ஆனது' என்றும் காட்டுகிறது, மறுமுறை திறந்தால் முதல் கட்டத்திலிருந்து தொடங்குகிறது. காரணம் இது: அவர்களின் யூசர் ஃபோல்டர் பெயரும் தமிழிலேயே இருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) மட்டுமே உண்டு, மொழிக்கு மொழி தனியாக இருந்த பழைய ஆன்சி கோட்பேஜ் என்ற எழுத்துக் குறியீட்டு அட்டவணை கிடையாது. உங்கள் நிரல் பழைய ஆன்சி வழியில் ஃபோல்டர் பாதையைக் கேட்பதால், தமிழ் எழுத்துகள் '?????' என்று திரும்பி வருகின்றன. நிரல் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவு ஃபைலில் (லாக்) அதை அப்படியே பார்க்கலாம். கேள்விக்குறி விண்டோஸ் ஃபோல்டர் பெயரில் இடம்பெறவே முடியாத குறி. ஆகவே ஃபைல் எழுதப்படுவதே இல்லை. எழுத முடியவில்லை என்ற பிழையை நிரல் கவனிக்காமல், எழுதிவிட்டதாகச் சொல்வது அதைவிட மோசம்.

கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கிலப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினால்தான் சேவ் ஆகிறது. விண்டோஸின் ரீஜன் அமைப்பில், பழைய நிரல்களையும் யூனிகோடில் இயங்க வைக்கும் யுடிஎஃப்-8 தேர்வை இயக்கினாலும் ஆகிறது. ஆனால் அதை இயக்கினால் டிடிபி (அச்சுப் பக்க வடிவமைப்பு) வேலைக்கு வைத்திருக்கும் பழைய மென்பொருள்களில் எழுத்து சிதைய வாய்ப்புண்டு என்பதால் யாருக்கும் நாங்கள் செய்து தருவதில்லை. தமிழ்ப் பெயர் வைத்தவர் தன் கணினியில் ஆங்கிலப் பெயரில் இன்னொரு கணக்கு தொடங்க வேண்டும் என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

சேவில் இன்னொன்றும் உண்டு. இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதுகிறீர்கள். வடகிழக்குப் பருவக் காற்றில் இந்தக் கரையில் மின்சாரம் சொல்லாமல் போகும். எழுதும் நொடியில் போனால் ஃபைல் 0 பைட்டாகிவிடுகிறது. தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றினால் பழையதாவது தப்பும். தொகுப்பைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் சர்வரைத் தொடர்புகொள்வதையும் நிறுத்துங்கள். தனி ஆள் ஆடும் கேமுக்கு முதல்முறை சரிபார்த்தால் போதும்.

கீபோர்டில் ஓட்டத்துக்கு வலது ஷிஃப்ட், குதிக்க ஸ்பேஸ் என்று நிலையாக வைத்து, மாற்ற வழி தரவில்லை. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸ், விசை அழுத்துவதில் சிரமம் உள்ளவர்களுக்கான ஃபில்டர் கீஸ் வசதியின் பெட்டியைத் திறக்கும். ஓடிக்கொண்டே இருப்பதுதான் கேம் என்னும்போது, பாத்திரம் அந்தரத்தில் இருக்கையில் பெட்டி வந்து நிற்கிறது, கேம் பின்னால் போய்விடுகிறது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் அதே போன்ற ஸ்டிக்கி கீஸ் வசதியின் பெட்டி வரும். கேம் ஓடும்வரை இவற்றின் குறுக்குவழியை அணைத்து வைக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே கொடுத்திருக்கிறது. மேலும், இங்கே பெரும்பாலும் புழங்கும் விலைகுறைந்த மெம்பிரேன் கீபோர்டுகள் பலவற்றில் இடது, மேல், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. ஸ்பேஸுக்குப் பதில் இசட் அல்லது எக்ஸ் வைக்க முடிந்தால் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படத்தைப் பற்றிச் சுருக்கமாக: பழைய கேமின் 320×224 புள்ளிப் படத்தை 1366×768 புள்ளித் திரையின் முழு உயரத்துக்கு இழுத்தால் 3.43 மடங்கு. சில வரிகள் 3 புள்ளி, சில 4 புள்ளி உயரம் பெறுவதால் திரை நகரும்போது நெளிகிறது. சரியாக 3 மடங்கு, அதாவது 960×672, என்ற தேர்வு வேண்டும். ஓரத்தில் கறுப்பு இருந்தால் இருக்கட்டும். பழைய அட்டைப்படங்களையும் கையேடுகளையும் அக்கறையாக ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறீர்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கு கேம் ஓடும் விதத்தில் இருந்திருக்க வேண்டும்.

வாங்கியவர்களில் பலர் மீனவக் குடும்பத்தினர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், கையில் காசு இறுக்கமாக இருக்கும்போது, பிள்ளைகளின் விடுமுறைக்காக வாங்கியது. பணம் திருப்பித் தருவதற்கான ஆடிய நேர வரம்பு தாண்டிவிட்டது என்று சொல்லிப் பணத்தை மறுத்திருக்கிறீர்கள். சேவ் ஆகாததால் முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிய நேரம் அது.

எங்கள் கோரிக்கை: வேகம், தமிழ்ப் பாதையில் சேவ், விசை மாற்றம் மூன்றையும் சரிசெய்யும் திருத்தப் பதிப்பை வெளியிடும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். இயலாதென்றால், கேட்பவர்களுக்கு ஆடிய நேரத்தைப் பாராமல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதுடன், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர்கள் வசிக்கும் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பார்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள் மற்றும் கடையினர்

இணைப்பு: பணம் செலுத்திய ரசீதுகள்; 60, 75, 100 ஹெர்ட்ஸில் ஸ்டாப்வாட்ச்சுடன் எடுத்த வீடியோ; '?????' தெரியும் பதிவு ஃபைல். உங்கள் உதவிப் பிரிவின் பதில்கள்.