அலி சாமி யென் மைதானத்தின் கதை 2011இல் முடியவில்லை

கலாத்தசராய் கால்பந்துக் கழக நிர்வாகத்தினருக்கும், உலகெங்கும் உள்ள அதன் ரசிகர்களுக்கும்,

வணக்கம். நான் துருக்கியன் இல்லை. 2000 மே மாதம் கோபன்ஹேகனில் ஆர்சனலைப் பெனால்டியில் வென்று யூஇஎஃப்ஏ கோப்பையைத் தூக்கினீர்களே, அன்றிலிருந்து இஸ்தான்புல்லின் உங்கள் கழகத்துக்கு ரசிகன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் நண்பர் ஒருவர், இஸ்தான்புல்லில் கழகத்தின் பழைய சொந்த மைதானமான அலி சாமி யென் மைதானத்தைப் பற்றி ரசிகர்கள் தொகுத்த காணொளி ஒன்றை அனுப்பினார். 1988இல் சுவிட்சர்லாந்து அணியான ஸாமாக்ஸை 5-0 என்று நொறுக்கியது, 1993இல் மான்செஸ்டர் யுனைடெட்டை வெளியேற்றியது, 2001இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கி 3-2 என்று ஜெயித்தது எல்லாம் இருந்தன. பார்க்கப் பார்க்கச் சிலிர்த்தது. 2011 ஜனவரியில் கடைசி ஆட்டம், அப்புறம் இடிப்பு. அதோடு முடித்துவிட்டார்கள்.

அந்த மண்ணின் கதை அங்கே முடியவில்லை. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

2014 செப்டம்பர் 6, சனிக்கிழமை இரவு. இஸ்தான்புல்லின் மெஜிதியெகோய் பகுதியில், மைதானம் இருந்த அதே நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் லிஃப்ட் 32ஆவது மாடியிலிருந்து அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். வேலைக்குப் போனவர்கள், வீடு திரும்பவில்லை. துருக்கியின் சோமா நிலக்கரிச் சுரங்கத்தில் 301 பேர் மாண்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை அப்போது. லிஃப்ட் விழுந்த மறுநாள் நீதி கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் மீது போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. கோபுரம் கட்டுகிறவனின் உயிர் எந்த ஊரிலும் இவ்வளவு மலிவாகத்தான் போகிறது. அதைச் சொன்னால் இந்த மடலில் அடங்காது.

'அது கட்டுமான விபத்து, கால்பந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பழைய நிலத்துக்கு ஈடாகத்தான் அரசின் வீட்டுவசதி நிறுவனம் நகரின் செய்ரன்டெபெ பகுதியில் புதிய மைதானத்தைக் கட்டிக் கொடுத்தது. நாம் இன்று கோல் போட்டுக் கொண்டாடும் இடத்துக்கு விலையாகப் போன மண்ணில்தான் அந்தப் பத்துப் பேர் விழுந்தார்கள். புதிய வளாகத்துக்கும் கழகத்தை நிறுவிய அலி சாமி யென்னின் பெயரையே வைத்திருக்கிறோம். பெயரைக் கூட எடுத்துவந்த நாம் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வரலாமா?

1964 டிசம்பரில் பழைய மைதானம் திறந்த அன்றே, துருக்கி அணி பல்கேரியாவுடன் மோதிய ஆட்டத்தில், கூட்ட நெரிசலில் ஏராளமானோர் காயமடைந்தார்கள். அதை நாம் மறைப்பதில்லை, வரலாற்றின் முதல் பக்கத்திலேயே சொல்கிறோம். அந்த நேர்மையைத்தான் கடைசிப் பக்கத்திலும் கேட்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அலி சாமி யென் மைதானத்தின் வரலாற்றை எங்கே சொன்னாலும், அருங்காட்சியகமானாலும் நினைவு மலரானாலும் ரசிகர்களின் காணொளியானாலும், 2011ஓடு நிறுத்தாதீர்கள். 2014ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்துப் பேரின் பெயர்களையும் சொல்லுங்கள். நானும் இத்தனை வருடம் நண்பர்களிடம் இந்தக் கதையை 2011இல்தான் முடித்துவந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செப்டம்பர் 6க்கு முன்பாவது அந்தப் பத்துப் பெயர்களையும் மைதானத்தின் கதையில் சேர்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒரு ரசிகன்