டண்டீ துறைமுகம் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஸ்காட்லாந்தின் டண்டீயில், டே ஆற்றங்கரையில் ஒரு பழைய கப்பல் நிற்கிறது, மற்றபடி இந்த ஊரில் பார்க்க எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே அம்மா. நம் மண்டியில் நெல் பிடித்த சணல் சாக்கின் கதையில் பாதி அந்த ஊரில்தான் நடந்தது.

முதலில் அங்கே நெய்தது ஆளிவிதைச் செடியின் நாரை. ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடல் வழியாகக் கப்பலில் வரும். 1820களில் வங்காளத்துச் சணல் வந்து இறங்கியது, ஆனால் விறைப்பான நார், எந்திரத்தில் போட்டால் அறுந்துவிடும். டண்டீயிலிருந்து ஆர்க்டிக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போய்வரும் கப்பல்களும் இருந்தன இல்லையா, அவை கொண்டுவந்த எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து தெளித்துப் பார்த்தார்கள், நார் இளகிக்கொடுத்தது! அப்புறம் 1853இல் ரஷ்யா ஈடுபட்ட கிரிமியப் போர் மூண்டு ரஷ்யச் சரக்குக்குத் தட்டுப்பாடு வர, மில்காரர்கள் மொத்தமாகச் சணல் பக்கம் சாய்ந்தார்கள்.

லோக்கி பகுதியில் காக்ஸ் சகோதரர்களின் மில்லில் மட்டும் சுமார் 5000 பேர் வேலை பார்த்தார்கள். அதன் புகைபோக்கி 282 அடி, இன்னும் நிற்கிறது. மில் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கூலி குறைவாகக் கொடுக்கலாம் என்பதால். ஆண்கள் பலர் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார்கள். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, அந்தப் பெண்கள் சைகையிலேயே பேசிக்கொள்வார்களாம். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

1855இல் கல்கத்தா பக்கம் ரிஷ்ராவில் முதல் சணல் மில் எழுந்தது, எந்திரம் போனது டண்டீயிலிருந்து. மேஸ்திரிகளும் மேனேஜர்களும்கூட அங்கிருந்துதான் போனார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா முந்திவிட்டது. கல்கத்தாதான் டண்டீயைக் கெடுத்தது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சணலில் சம்பாதித்த முதலாளிகளின் பணம் அமெரிக்க ரயில்வேக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் போனது, மில்லில் நின்ற பெண்களின் கூலிக்கு வரவில்லை. சணல் விளைவித்த வங்காளத்து விவசாயிக்கும் வரவில்லை.

நீ பார்த்தது டிஸ்கவரி கப்பலாகத்தான் இருக்கும், 1901இல் அங்கேயே கட்டி கேப்டன் ஸ்காட்டின் ஆய்வுக் குழுவை அண்டார்க்டிகாவுக்கு ஏற்றிப்போனது. பனியைத் தாங்கும் மரக்கப்பல் கட்டும் கை அந்த ஊருக்குத் திமிங்கில வேட்டையால் வந்தது.

லீவு கிடைத்தால் வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய சணல் மில் அருங்காட்சியகத்துக்குப் போய் வா. பழைய எந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பெண்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நின்று படித்து, எனக்கு விவரமாக எழுது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா